வடிகுழாய் உறைப்பொருள்

வேளாண் நிலத்தின் அடியில் பதிக்கப்படும் துளையுள்ள வடிகுழாயைச் சுற்றி இடப்பட்டு, நீரைப் புகவிட்டு மண்துகளைத் தடுக்கும் நுண்துளைப் பொருள் வடிகுழாய் உறைப்பொருள் எனப்படும். கனிமம், கரிமம், செயற்கை என இது மூவகைப்படும்.

களிமண் மிகுந்து கட்டமைப்பு உறுதியாக உள்ள நிலத்தில் உறை பெரும்பாலும் தேவைப்படாது. நுண்மணலும் வண்டலும் எளிதில் குழாய்க்குள் புகுவதால் அவை மிகுந்த நிலத்தில் உறை இன்றியமையாதது. உறையின் துளை பெரிதானால் மண் நுழையும். மிகச் சிறிதானால் உறையே அடைபடும். எனவே மண்துகள் அளவை ஆய்ந்த பின்னரே பொருளைத் தேர்வது முறை.

கனிம வகையான தரப்படுத்திய சரளை நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் எடை மிகுதியால் ஏற்றிச்செல்லவும் சீராக இடவும் செலவு கூடும். வைக்கோல், பீட், தென்னை நார் ஆகியவை கரிம வகை. நெதர்லாந்தில் பரவலாகப் பயன்பட்ட தென்னை நார் உறை, நுண்ணுயிர்ச் செயல்பாடு மிகுந்த மண்ணில் சில ஆண்டுகளில் மக்கியதால், பாலிபுரோப்பிலீன் இழைகளுக்கு இடம் விட்டது. இவ்விழைகளும் நெய்யாத செயற்கைத் துணிகளும் ஆலையிலேயே நெளிகுழாய்மீது சுற்றப்படுவதால் எந்திரத்தால் பதிக்க ஏற்றவை. இந்தியாவில் அரியானாவிலும் ராஜஸ்தானின் சம்பல் பாசனப் பகுதியிலும் நீர்தேங்கிய உவர்நிலங்களை மீட்கச் செயற்கை உறைகள் பயன்பட்டுள்ளன.