வங்காநரி: ஒரு பெயரின் தடம்

மதுரையில் பரிகளாக நின்ற நரிகள் நள்ளிரவில் பழைய உருவம் பெற்று ஊளையிட்டன என்கிறது திருவிளையாடல் கதை. கூட்டமாக ஊளையிடும் அந்த நரி, ஆங்கிலத்தார் ‘ஜாக்கால்’ என்பது. ஆனால் ‘ஃபாக்ஸ்’ என்பதற்கும் நாம் நரி என்றே பொருள் சொல்கிறோம். குள்ளநரி என்றாலும் தெளிவு பிறப்பதில்லை. அப்பெயரும் இரண்டுக்கும் வழங்குகிறது.

நரி பழந்திராவிடச் சொல். கன்னடத்திலும் நரிதான். மலபாரிலோ ‘நரி’ என்றால் புலி. நம் நரிக்கு அங்கே ‘குறுக்கன்’ என்று பெயர். ஆகவே பெயரை மட்டும் நம்பி உறவு சொல்ல முடியாது. உடலுக்குள் இருக்கும் குரோமோசோம்களைக் கேட்க வேண்டும்.

ஊளையிடும் நரிக்கு 78 குரோமோசோம்கள். நாய்க்கும் ஓநாய்க்கும் அதே 78. ‘ஃபாக்ஸ்’ எனப்படும் நரிகளின் கணக்கே வேறு: சகாராவின் ஃபென்னெக் நரிக்கு 64, நம் நாட்டு நரிக்கு 60, செந்நரிக்கு 34. தனித்தனியாக இருந்த குரோமோசோம்கள் வழிவழியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதே இதற்குக் காரணம். மூட்டைகள் குறைந்தன, உள்ளிருக்கும் சரக்கு பெரும்பாலும் குறையவில்லை. ஆனாலும் மூட்டைகள் இணை சேராவிட்டால் வம்சம் தொடராது. செந்நரிக்கும் ஆர்க்டிக் நரிக்கும் பிறக்கும் குட்டிகள் மலடாவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டைப் பேச்சுத் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. சேலம் வாழப்பாடிப் பக்கம், 60 குரோமோசோம்களும் கறுத்த வால்நுனியும் கொண்ட அந்தச் சிறிய நரிக்கு ‘வங்காநரி’ என்று பெயர். பொங்கலையொட்டி அதன் முகத்தில் விழித்தால் நல்லது என்று அதைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. வனத்துறை அதைத் தடுத்து வருகிறது.

1800இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இவ்விலங்குக்கு வங்காளத்தின் பெயரைச் சூட்டினார். அதனால் நம் நூல்களில் அது ‘வங்காள நரி’ ஆயிற்று. வங்காநரியும் அதன் சிதைவுதான் என்று எண்ணத் தோன்றும். எனக்கு அது உடன்பாடில்லை. ‘வங்கு’ என்றால் பொந்து. மண்ணைத் தோண்டி வங்கமைத்துக் குட்டிகளை வளர்க்கும் விலங்குக்கு, அதன் வீட்டைக் கொண்டே உழவர் பெயரிட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம் பாடநூல்கள் ஊளையிடுவதை நரி என்றும், வங்கில் வாழும் இச்சிறு விலங்கை வங்காநரி என்றும் எழுதட்டும். தனிப்பெயர் இல்லாத விலங்கு குறைந்துபோனாலும் கணக்கில் வராது.