குணா (திரைப்படம்)

குணா 1991 நவம்பர் 5, தீபாவளியன்று வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் சந்தான பாரதி; கதை சாப் ஜான்; வசனம் பாலகுமாரன்; இசை இளையராஜா. முதலில் வைத்த பெயர் ‘மதிகெட்டான் சோலை’. கொடைக்கானலை ஒட்டிய காடு ஒன்றின் பெயர் அது. அந்தத் தலைப்பு கைவிடப்பட்டது. படமோ பின்னாளில் அதே மலையில் ஒரு குகைக்குத் தன் பெயரைக் கொடுத்தது.

பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்தவன் குணா (கமல்ஹாசன்). மனநலம் குன்றியவன். தன்னைச் சுற்றியுள்ள அழுக்கிலிருந்து மீட்க அபிராமி என்ற தேவி வருவாள், பௌர்ணமியில் அவளை மணப்போம் என்று நம்புகிறான். கோயிலில் கண்ட செல்வந்தப் பெண்ணை (ரோஷினி) அபிராமியாகவே எண்ணி மலைக்குக் கடத்திச் செல்கிறான். வெறுப்பும் அச்சமுமாக இருந்தவள் மெல்ல அவனைப் புரிந்துகொள்கிறாள். அவளைத் துரத்தி வந்தவர்களின் பணத்தாசை இருவரையும் விடவில்லை. மனநோயாளியைக் கேலிப்பொருளாக்கியே பழகியிருந்த அக்காலத் தமிழ்த் திரையில், அவன் கண்வழியே உலகைக் காட்டியது இப்படத்தின் பெரிய சாதனை. அதே வேளையில், கடத்தலைக் காதலாக ஏற்கச் சொல்லும் அதன் போக்கு இன்று நெருடுகிறது. அதையும் சொல்லாமல் இப்படத்தைப் பாராட்டுவது முறையாகாது.

நட்பின் கதையான ‘தளபதி’ படமும் குணா வெளியான அதே நாளில்தான் வந்தது. வசூல் போட்டியில் குணா பின்தங்கியது. ரோஷினிக்கு இது முதல் படம். அவர் பிறகு நடிக்கவும் இல்லை.

குகைக் காட்சிகள் கொடைக்கானல் தூண் பாறைகளுக்கு அருகே எடுக்கப்பட்டன. 1821இல் ஆங்கிலேய அதிகாரி பி. எஸ். வார்டு குறித்துவைத்த இடம் அது. வெள்ளையர் வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’. பெரும்பாறைகளுக்கு இடையே ஆழமாக இறங்கும் பிளவுகளே அங்கு குகையாக அமைந்துள்ளன. வௌவால்கள் அடையும் இருட்டு, வழுக்கும் பாசி, மேலே சோலைமரங்களின் பின்னிய வேர்கள். கருவிகளையும் விளக்குகளையும் உள்ளே இறக்கிப் படமாக்கியதில் ஒளிப்பதிவாளர் வேணுவின் உழைப்பு பெரிது. எழுதத் தெரியாத குணா சொல்லச் சொல்ல அவள் கடிதம் எழுதும் ‘கண்மணி’ பாடல், வாலியின் வரிகளில், கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடியது. பேச்சும் பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும் அந்த அமைப்பு, இளையராஜாவின் மிகத் துணிச்சலான ஆக்கங்களில் ஒன்று.

படம் பார்த்தவர்கள் குகையைத் தேடி வரத் தொடங்கினர். பிளவுகளில் விழுந்து பலர் இறந்ததால் உள்ளே செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2006இல் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் விழுந்தார். கூட வந்த நண்பரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிருடன் மீட்டார். இதைச் சிதம்பரம் இயக்கத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படமாக எடுத்து 2024 பிப்ரவரி 22 அன்று வெளியிட்டனர். குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் அரங்காக அமைத்திருந்தார்கள். அந்த இளைஞர்கள் வடம் இழுக்கும் போட்டி அணியினர் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், கடைசியில் எல்லாரும் கயிற்றைப் பற்றி இழுக்கும்போது அது அவர்களுக்குத் தெரிந்த வேலையாகவே நிற்கிறது.

மீட்புக் காட்சியில் ‘கண்மணி’ ஒலித்தபோது தமிழகத் திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. காதலிக்குச் சொன்ன சொற்கள், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்தவனின் சொற்களாயின. குணாவின் கதையை எழுதிய சாப் ஜானும் ஒளிப்பதிவாளர் வேணுவும் மலையாளிகள் என்பதை எண்ணும்போது, இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதல்ல என்பது விளங்கும். பாடலைப் பயன்படுத்தியது தொடர்பாக இளையராஜா தரப்பு 2024 மே மாதம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது.

மலையாளப் படத்தின் வெற்றிக்குப் பின் கொடைக்கானலில் இந்த இடத்துக்கு வருவோர் கூட்டம் பெருகியது. பிளவுகள் கம்பிவேலிக்கு அப்பால்தான் இருக்கின்றன. பயணிகள் வேலிக்கு வெளியே நின்றே பார்க்க முடியும்.