தொப்பிக்குள் காற்று

வெயிலின் ஏதோ ஒரு கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்கும் என்று வெப்ப நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர் நெடுங்காலம் அஞ்சினர். அவர்கள் தலையை விட்டு இறங்காத நெட்டித் தொப்பி அந்த அச்சத்தின் சின்னம்.

மணிலாவில் ஹான்ஸ் ஆரோன் செய்து 1911-இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்தது. கொளுத்தும் வெயிலில் விட்ட குரங்குகள் உடல் சூடேறி மாண்டன. உடலை நிழலில் வைத்துத் தலையில் மட்டும் வெயில் படச் செய்தபோதோ அவை சாகவில்லை. முழு வெயிலிலும் விசிறிக் காற்றுப் பட்டவை பிழைத்தன! கொடிய சோதனைதான், ஆனால் விடை தெளிவு. கொன்றது மண்டையைத் துளைக்கும் கதிரன்று. வெளியேற வழியின்றி உடலில் தேங்கிய வெப்பம்.

ஆகவே தொப்பி நிழல் தந்தால் மட்டும் போதாது. உள்ளே காற்றும் ஓட வேண்டும். இன்று தலைக்கவசத்தைச் சோதிக்கக் குரங்கு வேண்டாம். மின்சாரத்தால் சூடேற்றிய செயற்கைத் தலைக்கு அதை அணிவித்துக் காற்றைச் செலுத்துகிறார்கள். தலையை ஒரே வெப்பநிலையில் நிறுத்த எவ்வளவு மின்திறன் செலவாகிறதோ, அவ்வளவு வெப்பம் கவசத்தின் வழியே வெளியேறுகிறது என்று பொருள்.