அக்கா காடு

எங்க தோட்டத்துக்குத் தென்புறம் கிளுவை வேலி போட்ட ஒரு கொறங்காடு இருக்கு. 1 ஏக்கர் 20 சென்ட். கொழுக்கட்டைப் புல்லும் நாலஞ்சு வெள்வேல மரமும்தான் அதுல. பேரு அக்கா காடு. சின்ன வயசுல "எருமையை அக்கா காட்டுல விட்டுட்டு வாடா"ன்னு எத்தனையோ தடவை அனுப்பியிருக்காங்க. எந்த அக்கான்னு நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

போன வருஷம் நானும் தம்பியும் பாகம் பிரிச்சுக்கலாம்னு பேசி முடிச்சோம். பத்திரம் எழுதுறவர் தாய்ப்பத்திரம் வேணும்னார். அப்பா வச்சிருந்த தகரப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். வேப்பிலை பொடிஞ்சு கிடந்தது. அடியில மஞ்சத் துணியில சுத்தின பத்திரங்கள். அதுல எங்க பூட்டனார், அதாவது அப்பாருவோட அப்பா, வாங்கின கிரயப் பத்திரம் மூணு இருந்தது.

பூட்டனாரைப் பத்தி எங்க வீட்டுல ஒரு பெருமை உண்டு. ஊர்ல பாதி நிலம் அவருதாம், தானம் பண்ணியே கரைச்சுட்டாராம். நானும் என் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

பத்திரம் வேற கதை சொல்லுது. அதைப் படிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. எழுத்தைக் கோத்துக் கோத்து எழுதியிருக்காங்க, பாதி இடத்துல புள்ளி கிடையாது. எண்ணெல்லாம் தமிழ் எண். வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹. பக்கத்து ஊர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர்தான் கூட உக்காந்து சொல்லிக் கொடுத்தார்.

முதல் பத்திரம் விஜய வருஷம், 1893. அதுல பூட்டனாரை "கரூர்ப் பக்கமிருந்து வந்து இவ்வூரில் குடியிருக்கும்"னு போட்டிருக்கு. தொழில், மாடு வியாபாரம். அடுத்தது 1901, அதுக்கடுத்தது 1909. மூணும் சேர்த்து 5 ஏக்கர் 38 சென்ட். அவ்வளவுதான். ஊர்ல பாதியும் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. அவருக்கு அப்ப பத்து வயசு இருக்கும்போதுதான் 1876-ல தாது வருஷப் பஞ்சம் வந்தது. கோயமுத்தூர், சேலம் ஜில்லாவெல்லாம் அதுல அடிபட்டது. அதைத் தாண்டி வந்த ஒரு பையன், மாடு வாங்கி வித்து, பதினாறு வருஷத்துல துண்டு துண்டா வாங்கின காடு இது. மூணுலயும் கைநாட்டுதான். எனக்குப் பொய்ப் பெருமை போச்சு, நிஜப் பெருமை வந்தது.

அதோட நிறுத்தியிருக்கலாம். பெட்டியில 1931-ல அப்பாரு எழுதிக் கொடுத்த ஒரு போக்கியப் பத்திரமும் இருந்தது. அந்தச் சமயம் விளைஞ்சதுக்கு விலை இல்லாம குடியானவங்க தவிச்ச காலம். அதுல ரெண்டு விஷயம் கண்ணுல பட்டது. ஒண்ணு, "காளயுக்தி வருஷம் என் தகப்பனார் எழுதிவைத்த உயில் சாசனப்படி எனக்குப் பாத்தியமான"ன்னு ஒரு வரி. இன்னொண்ணு செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. தெற்கெல்லைக்கு "என் அக்காள் காட்டுக்கு வடக்கு"ன்னு எழுதி, அந்தம்மா பேரும் போட்டிருந்தது.

உயில்னு ஒண்ணு இருந்ததே எங்க யாருக்கும் தெரியாது. வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அது வராது. ஏன்னா கிரயம், அடமானம் எல்லாம் பதிவாகிறது ஒண்ணாம் புத்தகம். உயிலுக்குத் தனியா மூணாம் புத்தகம். வில்லங்கம் பார்க்கிறவங்க அந்தப் பக்கம் போறதில்லை. எழுதினவர் காலமான பிறகு யார் வேணும்னாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். எங்க காடு கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்து, 1979-ல பெரியார் மாவட்டம் ஆகி, அப்புறம் ஈரோடு ஆகி, 2009-ல திருப்பூருக்கு வந்தது. நாங்க நகரவே இல்லை, மாவட்டம்தான் நகர்ந்துட்டே இருந்தது. அதனால பழைய புத்தகம் எந்த ஆபீசுல இருக்குன்னு கண்டுபிடிக்கவே நாலு நடை.

கடைசியில நகல் கிடைச்சது. காளயுக்தி வருஷம் கார்த்திகை மாசம், 1918. அந்த வருஷம் விஷக் காய்ச்சல் வந்து நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல ஜனம் செத்துப்போனது. உயில்ல பூட்டனார் சொல்றார்: எனக்கு வயசு சுமார் 52. மூத்த மகன் காய்ச்சலில் இறந்துபோனான். மகளின் புருஷனும் அதே காய்ச்சலில் போய், அவள் கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இளைய மகன் மைனர். அந்த மைனர்தான் எங்க அப்பாரு.

அடுத்து, தன் சுயார்ஜிதமான நிலத்துல 1 ஏக்கர் 20 சென்ட்டும், கிணத்துல எட்டு நாளைக்கு ஒரு நாள் கவலை இறைக்கிற முறையும் மகளுக்குன்னு எழுதியிருக்கார். பொண்ணுகளுக்கு எழுதும்போது அந்தக் காலத்துல பெரும்பாலும் "ஆயுள் பரியந்தம்"னு போடுவாங்க. உசிரோட இருக்கிறவரைக்கும் அனுபவிக்கலாம், விக்க முடியாது. இவர் அப்படிப் போடலை. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய்"னு முழுசா எழுதியிருக்கார். மகன்கள் இருக்க மகளுக்குப் பங்கு கிடையாதுன்னு இருந்த காலம் அது. வாரிசுச் சட்டம் வந்தது 1956-ல. பூர்வீகச் சொத்துல மகளுக்குச் சமபங்குன்னு தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 1989-ல. பூர்வீகமா இருந்தா பூட்டனாரும் உயில் எழுதியிருக்க முடியாது. தான் சம்பாதிச்சதுங்கிறதால எழுத முடிஞ்சது. கைநாட்டு வைக்கிற மனுசன் அதைத் தெரிஞ்சு வச்சிருக்கார்.

அப்புறம் அந்தக் காடு என்ன ஆச்சு? 1931-ல அக்காள் காடுன்னு இருக்கு. 1954-ல அப்பாரு எழுதின இன்னொரு பத்திரத்துல அதே தெற்கெல்லை "என் சொந்தக் காட்டுக்கு வடக்கு"ன்னு ஆயிடுச்சு. நடுவுல கிரயம் இருக்கான்னு வருஷம் வருஷமாத் தேடச் சொல்லி மனுப் போட்டேன். கிரயமும் இல்லை, விடுதலைப் பத்திரமும் இல்லை. 1980-கள்ல யூ.டி.ஆர். நடந்தப்ப, அனுபவத்துல இருந்த எங்கப்பா பேருக்குப் பட்டா வந்துட்டது. கணக்குல அந்தம்மா பேரு அழிஞ்சுது. காட்டோட பேருல மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தது.

எங்க வீட்டுல அந்தம்மாவைப் பத்திச் சொன்னது ஒரே ஒரு வரிதான்: "சீரெல்லாம் வாங்கிட்டு, பங்கு வேண்டாம்னு போயிட்டாங்க."

விசாரிச்சு விசாரிச்சு அவங்க பேரனைக் கண்டுபிடிச்சேன். வெள்ளகோவில் பக்கம் தறிக்கூடத்துல வேலை பார்த்து ஓய்ஞ்சவர், எழுபது வயசு இருக்கும். முறைக்கு எனக்கு மச்சான். உயில் நகலைக் கொடுத்துப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"எங்கப்பத்தா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருக்கும் மாப்ள, எனக்கு அங்க ஒரு காடு இருக்குதுன்னு. வயசாகி உளறுதுன்னு நாங்க சிரிப்போமுங்க."

என்னால நிமிர்ந்து பார்க்க முடியலை.

வக்கீல் ஒருத்தரைக் கேட்டேன். இத்தனை வருஷ அனுபவம் இருக்கு, உங்களை யாரும் அசைக்க முடியாதுன்னார். பத்திரம் எழுதுறவர், உயிலைப் பத்தி ஒரு வரிகூடப் போடாதீங்க, பின்னால வில்லங்கம்னார். தம்பிக்குக் கோபம். "அப்பா இருந்தவரைக்கும் இல்லாத பேச்சு இப்ப எதுக்குண்ணா, பெட்டியை ஏன் கிளர்றே?"ன்னான். அவனைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவனுக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. எனக்கும் கடன் இருக்கு. அப்பாருவையும் திட்ட மனசு வரலை. பதினாலு வயசுல அப்பா இல்லாம, அண்ணனும் இல்லாம நின்ன பையன் அவர். என்ன நடந்ததுன்னு சொல்ல இப்ப யாரும் உசிரோட இல்லை.

டவுன்ல இருக்கிற நண்பர்கள் பல பேர் வீட்டுல இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கும். பழைய பத்திரத்தை எடுத்தா ஏக்கரையும் சர்வே நம்பரையும் பார்த்துட்டு மூடிடாதீங்க. நான்கெல்லையைப் படிங்க. முன் பத்திரத்துல இருந்த பேரு பின் பத்திரத்துல இருக்கான்னு பாருங்க. வீட்டுல சொல்லுற கதையில விட்டுப்போன ஆள் பெரும்பாலும் அங்கதான் இருப்பாங்க.

போன மாசம் எங்க பாகப் பத்திரம் பதிவாச்சு. 4 ஏக்கர் 18 சென்ட்டுக்கு மட்டும்தான். அக்கா காட்டை அதுல சேர்க்கலை. தம்பி ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு வந்து கையெழுத்துப் போட்டான். அதை எப்படி, யாருக்கு எழுதுறதுன்னு இன்னும் முடிவு ஆகலை, பேசிட்டு இருக்கோம். மச்சானை வர்ற ஆடிக்கு வரச் சொல்லியிருக்கேன். அவர் இதுவரைக்கும் அந்தக் காட்டுல கால் வச்சதே இல்லையாம்.