கரைந்துபோன ஊர்ப்பெயர்

வரலாற்று ஆர்வலர் செய்யக்கூடிய தவறுகளுள் மன்னிக்கவே முடியாதது எது என்று எங்களைக் கேட்டால், சான்றை அழிப்பது என்று தயங்காமல் சொல்வோம். கல்வெட்டின் மீது சுண்ணாம்பு பூசியவர்களை இந்தப் பக்கங்களில் எத்தனை முறை கடிந்திருப்போம்! அந்த நாங்களே ஒரு மாலைப்பொழுதில், ஒரு கிண்ணம் வெந்நீரையும் சிறிது பஞ்சையும் கொண்டு, அதே தவற்றைச் செய்தோம். அழிந்தது ஒரு விளையாட்டுப் பொருளின் மீதிருந்த எழுத்துதானே என்று எவரேனும் ஆறுதல் கூறக்கூடும். அந்த ஆறுதல் ஏன் எங்களுக்குப் போதவில்லை என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

பணி நிமித்தமாக நண்பர்கள் மூவர் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருட் சந்தை ஒன்றில் ஓர் அட்டைப்பெட்டி எங்கள் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு சிறிய டேங்க் எஞ்சின், அதாவது நீரையும் கரியையும் தனி வண்டியில் இழுக்காமல் தன்னுடலிலேயே சுமக்கும் வகை. அதனோடு இரண்டு பெட்டிகள், மூன்று தண்டவாளங்கள் கொண்ட பாதைத் துண்டுகள், மரத்தாலான ஓர் இரயில் நிலையம். ஓடாது என்று விற்பவரே சொல்லிவிட்டார். வாங்கிய பின்னர்தான் அது என்னவென்று தேடத் தொடங்கினோம். தேடல் எங்களை லிவர்பூல் நகருக்கு இட்டுச் சென்றது.

இறைச்சி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்து விளையாடும் ஒரு பொருளுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று உலகப் புகழ் பெற்றது. 1914 முதல் லிவர்பூலின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை அதன் தலைமையிடமாயிற்று. 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை இரயில்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஹார்ன்பி 1936இல் மறைந்தார். அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, 1938இல், அத்தொழிற்சாலை வெளியிட்டதே ஹார்ன்பி டப்லோ. ஓர் அடியை நான்கு மில்லிமீட்டராகச் சுருக்கும் அளவு. சாப்பாட்டு மேசையின் மீதே ஒரு முழு இருப்புப்பாதையை அமைத்துவிடலாம். முதலில் வந்தவை இரண்டு எஞ்சின்கள்: காற்றைக் கிழிக்கும் வடிவமுடைய 'சர் நைஜல் கிரெஸ்லி', மற்றொன்று எங்கள் பெட்டியில் கிடந்த வகையான டேங்க் எஞ்சின். நிலையங்களும் கிடங்குகளும் அப்போது மரத்தால் செய்யப்பட்டன.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. தொழிற்சாலை போர்த்தளவாடங்கள் செய்யத் திரும்பியது. போருக்குப்பின் டப்லோ மீண்டும் தழைத்தது. மர நிலையங்களுக்கு மாற்றாக உலோக வார்ப்பு நிலையங்களும் பிற்பாடு பிளாஸ்டிக் கட்டடங்களும் வந்தன. ஆனால் போட்டியாளர்களின் மலிவான பிளாஸ்டிக் இரயில்களுக்கு எதிரே அதனால் நெடுநாள் நிற்க இயலவில்லை. 1964இல் மெக்கானோ நிறுவனம் போட்டியாளரின் கைக்கு மாறியது. டப்லோவின் கதை அத்துடன் முடிந்தது. 1979இல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. எனவே இன்று உலகில் உள்ள ஒவ்வொரு பழைய டப்லோ எஞ்சினும் யாரோ ஒருவர் விளையாடியது அல்லது வைத்திருந்தது. இதை முதலிலேயே உணர்ந்திருந்தால் பின்னால் வந்த பிழை நேர்ந்திராது.

எஞ்சினிலிருந்து தொடங்கினோம். திருப்புளியால் மேலுடலைக் கழற்றியதும், பல்லாண்டுக்கால எண்ணெய் இறுகி மெழுகாகிப் பல்சக்கரங்களைப் பிணைத்திருந்தது தெரிந்தது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்தோம். சுழலும் கம்பிச்சுருளின் முனையிலுள்ள செம்புத் துண்டுகளுக்கிடையே கரித்தூள் அடைந்திருந்தது. பற்குச்சியால் அதை நீக்கினோம். தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினோம். நடுத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் பெறும் தகட்டைத் தேய்த்துத் துலக்கினோம். இவ்வேலையில் ஓர் எச்சரிக்கை உண்டு. அக்காலத்துக் குதிரைலாடக் காந்தத்தின் நடுவிலிருந்து கம்பிச்சுருளை அப்படியே உருவிவிட்டால் காந்தத்தின் வலிமை குன்றிவிடும். அவ்விடத்தை உடனே ஓர் இரும்புத் துண்டால் இட்டு நிரப்ப வேண்டும். எங்களுக்கு இது தெரிந்திருந்தது. எஞ்சின் ஓடியது! மேசையைச் சுற்றி மூன்று வளர்ந்த ஆண்கள் கைதட்டினோம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

கைதட்டல் அடங்கிய பின்னர்தான் அடிச்சட்டத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் கண்டோம். துத்தநாகக் கலவை வார்ப்புகளைத் தாக்கும் நோய் அது. துத்தநாகத்தில் ஈயமோ வெள்ளீயமோ காட்மியமோ மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், ஈரத்தின் துணையோடு உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே அரிப்பு பரவும். வார்ப்பு வீங்கும், வளையும், இறுதியில் பிஸ்கட்டைப் போல நொறுங்கும். 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு இதைத் தவிர்க்கலாம் என்று 1929 வாக்கிலேயே அமெரிக்க உலோகவியலாளர்கள் காட்டியிருந்தனர். ஆயினும் போருக்கு முந்தைய டப்லோக்கள் பலவற்றில் இந்நோய் காணப்படுகிறது. மருந்து கிடையாது. உலர்ந்த, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்து முடிவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவே.

அடுத்து நிலையம். அழுக்கேறிய அந்த மரக்கட்டடத்தின் நெற்றியில் ஒரு தாள் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. பழுப்பேறிய தாள், மையால் கையெழுத்தில் எழுதப்பட்ட ஓர் ஊர்ப்பெயர். தொழிற்சாலை ஒட்டியதல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆகவே அது 'பிற்காலக் கறை' என்று முடிவு செய்தோம். வெந்நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்தோம். சிறிது நேரத்தில் பசை இளகியது, மை கரைந்தது, தாள் கூழாகிக் கையோடு வந்தது. கீழே நல்ல வண்ணம் தெரிந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி வேறு!

அன்றிரவு உணவின்போது எங்களுள் ஒருவர் கேட்டார்: "அந்த ஊர்ப் பெயர் என்ன?" மூவர் சொன்ன பெயர்களும் மூன்று வேறு பெயர்களாக இருந்தன. புகைப்படம் எடுக்கவில்லை. குறித்துக்கொள்ளவும் இல்லை. பெட்டியில் வேறு எந்த எழுத்தும் கிடையாது. அந்த இரயில் எந்த ஊர்க் குழந்தையின் கையில் ஓடியது என்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம் கழுவுதொட்டி வழியே போய்விட்டது.

பின்னர் படித்த ஒரு செய்தி வருத்தத்தை மேலும் கூட்டியது. 1940இல், ஜெர்மானியப் படை வந்திறங்கினால் அதற்கு வழி தெரியக்கூடாது என்பதற்காக, பிரிட்டனெங்கும் உண்மையான இரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன, அல்லது வண்ணம் பூசி மறைக்கப்பட்டன. நாட்டின் நிலையங்கள் பெயரிழந்து நின்ற அந்நாட்களிலா ஒரு குழந்தை தன் பொம்மை நிலையத்திற்கு ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியது? அன்றி, அதற்கு முன்னரா, பின்னரா? கையெழுத்தும் மையும் தாளும் இருந்திருந்தால், அறிந்தவர் எவரேனும் ஏதேனும் சொல்லியிருப்பார். இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் செய்வதாக இருந்த இன்னொரு வேலையை அத்துடன் நிறுத்தினோம். எங்கள் எஞ்சினுக்குக் கருப்பு வண்ணம் தூரிகையால் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. உதிர்ந்த இடங்களில் அடியில் பச்சை தெரிந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் 'சதர்ன்' என்ற எழுத்துகளின் மேடும் தெரிந்தது. போருக்கு முன் இவ்வகை எஞ்சின் பிரிட்டனின் நான்கு பெரும் இரயில் நிறுவனங்களின் வண்ணங்களிலும் விற்பனையானது. அந்த நான்கும் 1948 ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையாயின. உண்மையான டேங்க் எஞ்சின்கள் பல அதன்பின் கருப்பு வண்ணம் ஏற்றன. யாரோ ஒருவர் தம் வீட்டு இருப்புப்பாதையையும் அவ்வாறே 'நாட்டுடைமை' ஆக்கியிருக்கிறார் போலும்! அந்தக் கருப்பைச் சுரண்டிப் பச்சையை மீட்பதுதான் எங்கள் திட்டமாக இருந்தது. அப்படிச் செய்தால் தொழிற்சாலையின் 1930களை மீட்டிருப்போம். அந்த வீட்டின் 1948ஐ அழித்திருப்போம்.

எந்த ஆண்டிற்கு மீட்பது? பழம்பொருளைப் புதுப்பிப்பவர் எவரும் தப்ப முடியாத கேள்வி இது. அதே இங்கிலாந்தில் 1877இல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கியது இக்கேள்வியை முன்னிட்டுத்தான். தேவாலயங்களை 'ஆதி வடிவுக்கு' மீட்கிறோம் என்று சொல்லி இடைக்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் சுரண்டி எறிந்த போக்கை அவர்கள் எதிர்த்தனர். அதனால் அக்கழகத்திற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே செல்லப்பெயர் வந்தது. டப்லோவின் கதை முடிந்த அதே 1964இல் உருவான வெனிஸ் சாசனமும், ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்ததை மதிக்க வேண்டும் என்றது. தேவாலயத்திற்குச் சொன்னது உள்ளங்கை அளவு மர நிலையத்திற்குப் பொருந்தாதா?

பொருந்தும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலேயே ஒரு சான்று உண்டு. லண்டனைச் சேர்ந்த ஜான் அஹெர்ன் என்பவர் 1930களின் பிற்பகுதியில் 'மேடர் வேலி' என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு இரயில்வேயைத் தம் கையால் அமைக்கத் தொடங்கினார். தண்டவாளத்தை மட்டும் அல்லாமல் ஊர், ஆறு, தெரு, கடை என்று முழு நிலக்காட்சியையும் அமைத்த முன்னோடி அவர். 1961இல் அவர் மறைந்தார். அவரது படைப்பு லாங் விட்டன்ஹாமிலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. பிற்காலக் கலைஞர்கள் அவரைவிடத் துல்லியமான கட்டடங்களைச் செய்துவிட்டனர். பெண்டனின் சொந்தக் குடிசைகளே அதற்குச் சான்று. எனினும் அஹெர்னின் வீடுகளை எவரும் 'திருத்தி' அமைத்துவிடவில்லை. அவற்றின் மதிப்பு அவர் கை பட்டதில் இருக்கிறது.

இப்போது எங்களுக்கென்று சில விதிகள் உண்டு. எதையும் தொடும் முன் ஆறு பக்கமும் புகைப்படம். கையெழுத்து, ஒட்டுத்தாள், பென்சில் குறி எதுவாயினும் படியெடுத்தல். ஓடுவதற்குத் தடையான அழுக்கை நீக்கலாம். உரிமையாளர் சேர்த்ததை நீக்கலாகாது. மாற்றிய உறுப்பைத் தூக்கி எறியாமல் சிறு உறையிலிட்டுப் பெட்டியிலேயே வைத்தல். என்ன செய்தோம் என்று ஒரு தாளில் தேதியுடன் எழுதிவைத்தல். இறுதி விதிதான் எங்களுக்குக் கடினமாயிற்று. நிலையத்தின் தாளில் நாங்கள் எழுதியது இது: "நெற்றியில் கையெழுத்தில் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது. அதை நாங்கள் அழித்துவிட்டோம்."

எஞ்சின் கருப்பு வண்ணத்திலேயே இருக்கிறது. வெடிப்புகள் கூடுகின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்கிறோம். நிலையத்தின் நெற்றியில், தாள் இருந்த இடம் மட்டும் அழுக்கேறாத ஒரு நீள்சதுரமாகத் தெரிகிறது. புதிய பெயர் எழுதி ஒட்டலாமே என்று நண்பரின் மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.