வடக்கன்குளம்: திருமுழுக்குத் தொட்டியும் பிரிவினைச் சுவரும்

ஒரு பங்கின் வரலாறு, கோவில் கட்டிய ஆண்டுகளையும் பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் வரிசைப்படுத்துவதோடு முடிந்துவிடுவதன்று. அங்குக் கூடிய இறைமக்கள் தாங்கள் பெற்ற திருமுழுக்கின் பொருளை எவ்வளவு தூரம் வாழ்ந்து காட்டினர் என்பதே அதன் உயிர்நாடி. அவ்வகையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பங்கு ஒன்று உண்டு. நெல்லைச் சீமையின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த வடக்கன்குளமே அது.

மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபைக் குருக்கள் இங்கு விதைத்த விசுவாசம் 1680-ஆம் ஆண்டளவில் வேர்கொண்டது. அவ்வாண்டில் திருமுழுக்குப் பெற்ற நாடார் குலப் பெண் ஒருவரோடு இவ்வூர்த் திருச்சபை தொடங்கியதாக வரலாற்றாசிரியர் குறிப்பர். பின்னர் வேளாளரும் பிறரும் இணைந்தனர். வெவ்வேறு குலத்தவர் ஒரே கிறிஸ்துவின் பெயரால் ஓரிடத்தில் கூடினர். இதுவே இப்பங்கின் பெருமை. இதுவே இதன் சோதனையும் ஆயிற்று.

இப்பங்கின் திருமுழுக்குத் தொட்டிக்குப் பெரும்புகழ் சேர்த்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலரான அவர், 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாயிடம் யோபுவின் வரலாற்றைக் கேட்டு உள்ளம் மாறினார். பரஞ்சோதிநாதர் எனத் தமிழர் அழைத்த புத்தாரி அடிகளார் வடக்கன்குளத்தில் 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசரு என்னும் பெயரின் தமிழ் வடிவாகத் 'தேவசகாயம்' என்று பெயரும் இட்டார். அன்றுமுதல் தேவசகாயம் குலவேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். மனிதர் யாவரும் சமம் எனப் போதித்தார். மேல்தட்டினரின் பகைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1749-இல் சிறைப்பட்டு, எருமைமீது ஏற்றி ஊர்வலமாக இழுக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியானார்.

இத்தகைய மறைசாட்சி புதுப்பிறப்பு அடைந்த ஊரிலேயே சாதி கோவிலுக்குள் நுழைந்தது என்பது நம் நெஞ்சைச் சுடும் உண்மை. 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பே அதற்குச் சான்று. கவட்டைக் கோல்போல இரு கூடங்கள் பிரிந்து சென்று ஒரே பீடத்தில் சேருகின்றன. ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரு சாராரும் குருவைக் காணலாம்; ஒருவரையொருவர் காண இயலாது! இதற்கு மக்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. மந்தை சிதறிவிடுமோ என அஞ்சிய மறைப்பணியாளரும் இதற்கு இசைந்தனர். ஒற்றுமையைக் காக்கவென்று எழுந்த கட்டடமே பிரிவினைக்குக் கல்லும் சுண்ணாம்பும் ஆயிற்று.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் பிரெஞ்சு நாட்டினரான கௌசானல் அடிகளார். அவர் காலத்தில், 1910-ஆம் ஆண்டு, பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. தங்கள் உரிமை பறிபோயிற்று என வேளாளர் தரப்பினர் ஆயரை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. கிறிஸ்தவ மறையைத் தழுவியோர், திருச்சபை ஆளுகையை மீறிச் சாதி மேன்மையை ஆலயத்தினுள் உரிமையாகக் கோர முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நற்கருணை மேசையைச் சுற்றி வாழ்வோர் தாமாகவே உணர்ந்திருக்க வேண்டிய ஒன்றை ஒரு நீதிமன்றம் நமக்குச் சொல்ல நேர்ந்தது!

யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்து நின்ற பகைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தெறிந்தார் என எபேசியருக்கு எழுதிய திருமுகம் கற்பிக்கிறது. பங்கின் மறைப்பணி என்பது இதுவே. பள்ளிகளும் மருந்தகங்களும் பக்த சபைகளும் இதன் கனிகள். இது இல்லையேல் அவை வேரற்ற மரங்கள்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என அறிவித்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியது. புத்தாரி அடிகளார் தமிழில் சூட்டிய திருமுழுக்குப் பெயரே உலகத் திருச்சபையின் பீடத்தில் நிலைத்தது.

கல்லால் ஆன சுவரை இடிக்க ஒரு நாள் போதும். கல்லறைத் தோட்டத்திலும், தேர்ப்பவனி செல்லும் தெருக்களிலும், திருமணப் பேச்சிலும் நாம் காத்துவரும் சுவர்களை யார் இடிப்பது? சனவரி 14-இல் புனித தேவசகாயத்திற்கு விழா எடுக்கும் ஒவ்வொரு பங்கும் இக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறது. அவர் பெற்ற திருமுழுக்கும் நாம் பெற்ற திருமுழுக்கும் ஒன்றே அல்லவா?