ஒற்றெழுத்தும் ஒரு ஜனாதிபதியும்

பாரிஸ் புறநகரொன்றில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் என் ஒன்றுவிட்ட தம்பி, சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். குரலில் செத்த வீட்டுத் தொனி.

“அண்ணை, பிள்ளை டொக்டருக்கு இல்லாட்டில் எஞ்சினியருக்குப் படிப்பாள் எண்டு நினைச்சம். அவள் பிரெஞ்சு இலக்கியத்தில மாஸ்டர்ஸ் செய்யப் போறாளாம். அதைப் படிச்சு முடிக்கேக்க அவளிட்டத் தமிழெண்டு ஒண்டும் மிஞ்சாது. நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.”

யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தேன். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைத் துறையிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, ‘மொழி படித்து என்ன பயன்?’ என்ற கேள்வி புதிதன்று. ஆனால் தம்பியின் அச்சம் வேறுவகையானது. ஓர் அந்நிய மொழியைப் பட்டப்பின் படிப்பு வரையில் ஆழமாகக் கற்றால் சொந்த மொழி அழிந்துபோகுமா என்பதே அவனது கேள்வி. அதற்கு விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தவர், பிரெஞ்சு மொழியைக் கற்று அதன் உச்சியைத் தொட்ட ஓர் ஆபிரிக்கர். செனகல் நாட்டின் முதலாவது ஜனாதிபதி லெயோபோல்ட் செடார் செங்கோர்.

செங்கோர் 1906ஆம் ஆண்டு செனகலின் கரையோரச் சிற்றூரான ஜோவாலில் பிறந்தார். தந்தை வசதிபடைத்த வணிகர். வீட்டு மொழி செரேர். ஏழு வயது வரையில் அவர் வளர்ந்தது அந்த மொழியில்தான். ஆடுமாடு மேய்க்கும் தாய்மாமனோடு வயல்வெளிகளில் அலைந்து, முன்னோர் கதைகளையும் நட்சத்திரங்களின் பெயர்களையும் கேட்டு வளர்ந்த அக்காலத்தைத் தமது கவிதைகளில் அவர் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தார். அதன் பின்னரே மிஷனரிப் பாடசாலையும் பிரெஞ்சும் வந்தன. குருவானவராகும் எண்ணத்துடன் டாக்காரில் படித்தபோது, ஆபிரிக்கருக்கு நாகரிகம் இல்லையென்று அதிபரான பாதிரியார் கூற, மாணவரான செங்கோர் எதிர்த்துப் பேசினார். குருத்துவத்துக்கு அவர் பொருத்தமற்றவர் என்று முடிவாகியது. அந்தக் கதவு மூடப்பட்டதால் திறந்ததே பாரிஸ் செல்லும் வழி. 1928இல் புலமைப்பரிசில் பெற்று அவர் கப்பலேறினார்.

பாரிஸில் லூயி லெ கிரான் உயர்பாடசாலையில் அவரது வகுப்புத் தோழராக இருந்தவர், பிற்காலத்தில் பிரான்சின் ஜனாதிபதியான ஜோர்ஜ் பொம்பிடூ. இருவரது நட்பும் இறுதிவரை நீடித்தது. ஆசிரியர்களை உருவாக்கும் புகழ்பெற்ற உயர்கல்லூரிக்கான நுழைவுத் தேர்வில் செங்கோர் தோல்வியுற்றார். பின்னர் சோர்போனில் பட்டம் பெற்று, உயர்கல்விச் சான்றிதழுக்காக ஓர் ஆய்வேட்டை எழுதினார். தலைப்பு, போதலேரின் படைப்புகளில் அந்நிய நிலங்கள் மீதான மோகம். போதலேர் இளைஞனாக இருந்தபோது, 1841இல், கல்கத்தாவுக்கென்று கப்பலேற்றப்பட்டு, மொரீசியஸ், ரியூனியன் தீவுகளோடு திரும்பிவிட்டவர். அவ்வளவே அவர் கண்ட தூரதேசம். அக்கவிஞர் வெப்பமண்டல நிலங்களையும் கறுப்புப் பெண்ணையும் எவ்வாறு கற்பனை செய்தார் என்பதை, அவ்வாறு கற்பனை செய்யப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒரு மாணவன் ஆராய்ந்தான். பார்க்கப்பட்டவன் பார்ப்பவனைத் திரும்பிப் பார்த்த தருணம் அது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து வந்தது ‘அக்ரெகாசியோன்’ என்னும் போட்டித் தேர்வு. 1766ஆம் ஆண்டில், பதினைந்தாம் லூயி மன்னன் காலத்தில் தொடங்கிய இத்தேர்வு, பட்டம் அன்று. உயர்பாடசாலை ஆசிரியர்களைத் தெரிவு செய்வதற்காக அரசு நடத்தும் போட்டி. இத்தனை இடங்கள் என்று முன்கூட்டியே வரையறுக்கப்படும். தரவரிசையில் அதற்குள் வருவோரே சித்தியடைந்தவர். செங்கோர் தெரிவுசெய்த துறை இலக்கணம். பிரெஞ்சோடு இலத்தீனிலும் கிரேக்கத்திலும் புலமை வேண்டும். தேறியவர் அரச ஊழியர் ஆவதால் அக்காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டியிருந்தது. ஆகவே இலக்கணம் எழுத முன்னர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது. முதன்முறை தோற்று, 1935இல் அவர் சித்தியடைந்தார். இலக்கணத் துறையில் இத்தேர்வில் தேறிய முதலாவது ஆபிரிக்கர் அவரே. அவ்வாண்டே தூர் நகரில், தெகார்த்தின் பெயர் தாங்கிய உயர்பாடசாலையில், பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கத் தொடங்கினார்.

தம்பியின் அச்சத்தின்படி பார்த்தால், செங்கோரின் செரேர் இந்த இடத்தில் செத்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறானது.

மார்த்தினிக் தீவிலிருந்து வந்த ஏமே செசேர், பிரெஞ்சுக் கயானாவிலிருந்து வந்த லெயோன் தாமா ஆகியோருடன் சேர்ந்து, ‘நெக்ரித்யூட்’ என்று பின்னர் உலகறிந்த கறுப்பினப் பண்பாட்டு இயக்கத்தை அவர் உருவாக்கியது இதே மாணவப் பருவத்தில்தான். ‘கறுப்பு மாணவன்’ என்ற அவர்களது சிறு பத்திரிகை வெளிவந்ததும் 1935இல்தான். ஆசிரியப் பணியின் இடையே அவர் மீண்டும் மாணவராகிப் பாரிஸின் உயர் ஆய்வுக் கல்வி நிறுவனத்தில் லிலியாஸ் ஓம்பர்ஜே அம்மையாரிடம் ஆபிரிக்க மொழியியல் கற்றார். மார்செல் மோஸ் போன்றோரிடம் இனவரைவியல் கேட்டார். கிரேக்கத்தையும் இலத்தீனையும் பிரித்துப் பார்க்கக் கற்ற கருவிகளைக்கொண்டு, தம் தாய்நாட்டு மொழிகளைப் பிரித்துப் பார்த்தார். வோலோஃப் மொழியின் பெயர்ச்சொல் வகுப்புகளைப் பற்றியும், செரேர் மொழியின் உயிரொலி இசைவு பற்றியும் 1940களின் முற்பகுதியில் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். இடையில் 1940இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி இரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்ததும் அவரைத் தடுத்துவிடவில்லை. செரேர் வாய்மொழிக் கவிதை பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வு மட்டும் முற்றுப்பெறவில்லை. 1945இல் அரசியல் அவரைப் பறித்துக்கொண்டது.

இன்னொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1937இல் விடுமுறையில் டாக்கார் சென்ற அவரை உரையாற்ற அழைத்தார்கள். தேர்வில் வென்று திரும்பிய ‘கறுப்புப் பிரெஞ்சுக்காரர்’ பிரெஞ்சின் பெருமையைப் பேசுவாரென்று சபை எதிர்பார்த்தது. அவரோ, ஆபிரிக்கப் பிள்ளைக்கு அதன் சொந்த மொழியிலும் கற்பிக்க வேண்டும், இருமொழிக் கல்வியே தேவை என்று வாதிட்டார்.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் தம்பிக்குச் சொல்ல எனக்கு இலகுவான பதிலொன்று கிடைத்திருக்கும். வரலாறு அவ்வாறு இலகுவாக முடிவதில்லை.

1960இல் செனகல் சுதந்திரமடைந்தது. செங்கோர் ஜனாதிபதியானார். அரசகரும மொழி பிரெஞ்சு என்றாகியது. ‘அரசகரும மொழி’ என்ற சொல்லின் பாரம் 1956இற்குப் பின் இலங்கையில் வளர்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதொன்றன்று. நாட்டில் பெரும்பான்மையோர் பேசியதும் விளங்கிக்கொண்டதும் வோலோஃப். பாடசாலையில் பிள்ளை முதல் நாளில் கேட்டது பிரெஞ்சு. 1937இல் இருமொழிக் கல்வி கேட்ட இளம் ஆசிரியர், இருபது ஆண்டுகள் ஜனாதிபதியாக இருந்தும் அதனை நாடளாவிய நடைமுறையாக்கவில்லை. 1971இல் வோலோஃப், செரேர் உட்பட ஆறு மொழிகளுக்கு இலத்தீன் எழுத்தில் எழுதும் முறை ஆணைமூலம் வகுக்கப்பட்டது. அது நல்ல காரியமே. ஆனால் அந்த ஆணையே பின்னர் ஆயுதமாகியது.

வரலாற்றறிஞரும் எதிர்க்கட்சித் தலைவருமான ஷேக் அந்தா தியோப், 1970களின் நடுப்பகுதியில் ‘சிக்கி’ என்ற பெயரில் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். வோலோஃபில் அதற்குத் ‘தலைநிமிர்’ என்று பொருள். அப்பெயரில் ககர ஒலிக்குரிய எழுத்து இரட்டித்து வந்தது. ஒற்றையாகத்தான் எழுத வேண்டும், இரட்டித்து எழுதுவது ஆணைக்கு முரண் என்றது அரசாங்கம். தியோப் பணியவில்லை. பிரெஞ்சு இலக்கணம் கற்ற ஜனாதிபதிக்கும் வோலோஃப் அறிந்த அறிஞருக்கும் இடையிலான எழுத்துச் சண்டையில், அப்பெயரில் பத்திரிகை தொடர முடியாது போயிற்று. ‘எழுந்து நில்’ எனப் பொருள்படும் ‘தஹாவ்’ என்ற புதுப் பெயருக்கு அது மாறியது. அதில் இரட்டிக்கும் எழுத்தே இல்லை.

திரைப்பட இயக்குநர் செம்பேன் உஸ்மானுக்கும் இதுவே நேர்ந்தது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தாமாகவே கற்று, பிரெஞ்சில் நாவல்கள் எழுதியவர் செம்பேன். தம் மக்களில் பலருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்பதால் திரைப்படத்துக்கு மாறி, 1968இல் வோலோஃப் மொழியில் முழுநீளப் படம் எடுத்தார். 1977இல் அவர் எடுத்த ‘செட்டோ’ செனகலில் தடைசெய்யப்பட்டது. உத்தியோகபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம், தலைப்பில் ஒரு மெய்யெழுத்து இரட்டித்திருந்தது என்பதாகும். இஸ்லாமின் வருகையையும் அடிமை வணிகத்தையும் அப்படம் கையாண்ட விதமே உண்மையான காரணம் எனப் பலர் கருதினர். எவ்வாறாயினும் வெளியே காட்டப்பட்டது இலக்கணமே.

தமிழ் வாசகர்களுக்கு இதன் அபத்தமும் ஆழமும் ஒருங்கே விளங்கும். படு வேறு, பட்டு வேறு. எங்கள் ஆசிரிய பீடத்தில், ஒற்று மிகுமா மிகாதா என்று ஒப்புநோக்காளரும் உதவி ஆசிரியரும் நள்ளிரவில் வாதிட்டதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வாதத்தில் தோற்றவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பத்திரிகை காலையில் வந்தது. வாதிடுபவர்களில் ஒருவர் நாட்டின் ஜனாதிபதியாக இருந்தால் பத்திரிகை வராமலே போகும். இலக்கணம் குற்றமற்றது. அது யாருடைய கையில், எந்த அதிகாரத்தோடு இருக்கிறது என்பதே விடயம்.

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. செங்கோரின் ஆசிரியையான ஓம்பர்ஜே அம்மையார், ஆபிரிக்க மொழிகளில், குறிப்பாகப் புல்லானி மொழியில், திராவிடக் கூறுகள் உள்ளனவென்று எழுதியவர். ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலோர் இக்கருத்தை ஏற்கவில்லை. நம்மவர் சிலர் இதனை நிரூபிக்கப்பட்ட உண்மை போலப் பேசுவதும் சரியன்று. ஆனால் மாணவர் ஆசிரியையின் சொல்லை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்ற அதே 1974ஆம் ஆண்டில், செங்கோர் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் நெக்ரித்யூட் பற்றியும் திராவிடப் பண்பாடு பற்றியும் உரையாற்றினார். டாக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆபிரிக்க ஆய்வுத் துறையை ஏன் நிறுவ வேண்டுமென்று விளக்கினார். அதன் பயனாக, அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் தமிழறிஞர் க. ப. அறவாணன் உள்ளிட்டோர் அங்குச் சென்று பணியாற்றினர். பிரெஞ்சு இலக்கணம் கற்கப் போன மாணவர் ஒருவரின் பாதை, செரேர் வழியாகத் தமிழ் வரையில் வந்து சேர்ந்தது.

1980ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கோர் தாமாகவே பதவி துறந்தார். 1983இல் பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவான முதலாவது ஆபிரிக்கரானார். பிரெஞ்சு மொழியின் அகராதியைத் தொகுக்கும் சபையில், செரேர் தாய்மொழியினரான அவர் அமர்ந்தார். 2001 டிசம்பரில் நோர்மண்டியில் காலமானார்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று. செங்கோரைச் செரேருக்குத் திருப்பி அனுப்பியது, அவர் பிரெஞ்சை ஆழமாகக் கற்றமைதான். மொழியொன்றின் அடிவரை சென்றவனுக்கே மற்ற மொழியின் அடியும் தெரிகிறது. ஆனால் திரும்பிச் செல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஏழு வயது வரையில் மாமன் சொன்ன கதைகள் இருந்தன. அந்த இடத்தை அவர் தம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் அமைத்துக் கொடுக்கவில்லை. அவரது பெருமையும் குறையும் இவ்விரண்டிலும் அடங்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்து இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முடிவில் நான் கேட்டேன்:

“அவள் கம்பஸில என்ன படிக்கிறாள் எண்டது இருக்கட்டும். வீட்டில நீ அவளோட என்ன மொழியில கதைக்கிறாய்?”

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

“அவளுக்கு விளங்கவேணும் எண்டு… பிரெஞ்சிலதான் அண்ணை.”

பிள்ளையைப் படிக்க விடு என்று சொன்னேன். தொலைபேசியை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். “பெரியப்பா, சுகமா இருக்கிறீங்களா?” என்றாள். உச்சரிப்புச் சற்றுத் தடுமாறியது. ஆனால் அது தமிழ். தகப்பனின் சிறுவயதில் எங்கள் ஊரில் நடந்த கதையொன்றை, அவசரப்படாமல், தமிழிலேயே அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளே அழைக்கிறாள்.